பன்னிரண்டாம் நாள் என்ன ஆயிற்று?

விழுப்புரம் பஸ் நிலையத்தில், திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதம் 11-ஆம் தேதி. காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்து ஸீட்டில் ஒரு பெரியம்மா வந்து அமர்ந்தார். கையில் துணிப்பை, இடுப்பில் சுருக்குப் பை.

"விக்கிரவாண்டியில நிக்குந்தானே தம்பி?" என்றார்.

"நிற்கும் அம்மா."

அவ்வளவுதான். நம் ஊர்ப் பக்கத்தில் பஸ் பிரயாணத்தில் பேச்சு தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும்? பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் பெரியம்மாவின் குடும்பம் முழுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. இருப்பது விக்கிரவாண்டியில். பேங்கு வேலையாக விழுப்புரம் வந்து திரும்புகிறார். பிள்ளைகள் இரண்டு பேர். மகனுக்கு விழுப்புரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. மகள் திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"கொடுத்து வைத்தவர் நீங்கள்! ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகள், நடுவில் நீங்கள்" என்றேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை.

"இன்னா பிரயோசனம் தம்பி? ரெண்டையும் ஒண்ணா உக்கார வெச்சி ஒரு வேளை சோறு போட்டு ஒரு வருசம் ஆவுது."

"ஏனம்மா, இருவருக்குள்ளும் ஏதாவது மனஸ்தாபமா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அண்ணன் தங்கச்சிக்குள்ள உசிரு. அதுங்க லீவுதான் தம்பி ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது!"

விசாரித்தேன். மகனுக்கு மூன்று நாள் வேலை, நாலாம் நாள் ஓய்வு. மகளுக்கு ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்ற பேச்சே இரண்டு இடத்திலும் கிடையாது. ஓய்வு நாளில் இருவரும் தவறாமல் அம்மாவைப் பார்க்க வந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் அல்ல.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலி அல்ல. பூனை என்று கூடச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு! நாலின் வாய்பாடும் ஆறின் வாய்பாடும் முதன்முதலில் சந்திக்கும் இடம் பன்னிரண்டு. வாத்தியார் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்த மீச்சிறு பொது மடங்கு!

"கவலைப்படாதீர்கள் அம்மா. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வரும். கணக்கு பொய் சொல்லாது" என்றேன், பெருமையாக.

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வருசத்துல முப்பது பன்னெண்டு வந்து போயிருக்குமே தம்பி. அந்தப் பன்னெண்டாம் நாளு எங்க போச்சு?"

வாசகர்களே, எனக்கு வாயடைத்துப் போயிற்று. கணக்கு தப்பா? பெரியம்மாவின் ஞாபகம் தப்பா? இரண்டும் இல்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டாம் நாள் என்ன ஆயிற்று? விடையைச் சொல்வதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தோடு நாம் மறந்து வந்த ஒரு பாடத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். பிரம்பு இல்லை!

எண்களுக்கும் ஜங்ஷன் உண்டு

விழுப்புரம் ஒரு பெரிய ரயில் ஜங்ஷன் என்பது உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைத் தண்டவாளங்கள் அங்கே கூடுகின்றன. ஜங்ஷன் என்பதைத் தமிழில் 'சந்திப்பு' என்று அழகாகப் பலகையில் எழுதியிருப்பார்கள். எண்களுக்கும் அந்த மாதிரிச் சந்திப்புகள் உண்டு.

ஓர் எண்ணை 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பவை அதன் மடங்குகள். 4, 8, 12, 16, 20, 24 என்று நாலு தன் தண்டவாளத்தில் ஓடுகிறது. 6, 12, 18, 24 என்று ஆறு தன் தண்டவாளத்தில் ஓடுகிறது. 12, 24, 36 ஆகிய ஸ்டேஷன்களில் இரண்டும் நிற்கின்றன. இவை பொது மடங்குகள். இந்த வரிசைக்கு முடிவே கிடையாது. ஆகையால் 'மிகப் பெரிய பொது மடங்கு' என்று ஒன்று இல்லை. 'மிகச் சிறியது' என்று ஒன்று மட்டும் உண்டு. அதுதான் மீச்சிறு பொது மடங்கு. இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் எல்.ஸி.எம். என்பார்கள்.

பாட புத்தகத்தில் வரும் கணக்கு ஒன்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு 12 நிமிஷத்துக்கு ஒரு பஸ், புதுச்சேரிக்கு 18 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். (கணக்குக்காகச் சொல்வது, இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்!) காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. மறுபடி எப்போது ஒன்றாகப் புறப்படும்?

அவசரக்காரர் 12-ஐயும் 18-ஐயும் பெருக்கி, "216 நிமிஷம், அதாவது 9 மணி 36 நிமிஷம்" என்பார். அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகப் புறப்படுவது வாஸ்தவந்தான். ஆனால் அதற்கு முன்பே ஐந்து தடவை ஒன்றாகப் புறப்பட்டிருக்கும்! முதல் தடவை 6 மணி 36 நிமிஷத்துக்கு.

36 எப்படி வந்தது? வாத்தியார் போட்டுக் காட்டிய ஏணியை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். 12, 18 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி இரண்டால் வகுத்தால் 6, 9. அவற்றை மூன்றால் வகுத்தால் 2, 3. இனி இரண்டையும் சேர்ந்தாற்போல் வகுக்கும் எண் இல்லை. இடப்பக்கத்து 2, 3. அடியில் நின்ற 2, 3. நாலையும் பெருக்கினால் 36.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. இரண்டு எண்களையும் பெருக்குங்கள்: 216. இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள்: 6. 216-ஐ ஆறால் வகுத்தால் 36. இந்த ஆறுக்கு மீப்பெரு பொதுக் காரணி என்று பெயர். கதையில் பின்னால் வரப்போகிற முக்கிய பாத்திரம் இதுவே. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காணியும் நாலணாவும்

"மாவாட்டும் பெண்களுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நம் பாட்டனார்களின் கணக்கில் இது ஊறிக் கிடந்தது என்றால் நம்புவீர்களா?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடி ஒப்பித்த காலம். இருபதில் ஒரு பங்குக்கு 'மா' என்று பெயர். பதினாறில் ஒரு பங்குக்கு 'மாகாணி'. இரண்டையும் கூட்ட வேண்டுமானால் இன்றையப் பிள்ளை என்ன செய்யும்? 20-க்கும் 16-க்கும் மீச்சிறு பொது மடங்கு தேடும். 80 என்று கண்டுபிடிக்கும். அன்றையப் பிள்ளை தேடவே வேண்டாம். எண்பதில் ஒரு பங்குக்குக் 'காணி' என்று பெயரே வைத்துக் கொடுத்திருந்தார்கள்! ஒரு மா என்பது 4 காணி. மாகாணி என்பது 5 காணி. கூட்டினால் 9 காணி. மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி என்று, பெயரிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. அரைக்கால் 10 காணி, கால் 20 காணி. எத்தனை வசதி!

இன்னொரு கதை. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் 100 பைசா. ஓர் அணாவுக்கு எத்தனை பைசா? ஆறே கால். கால் பைசாவுக்கு எங்கே போவது? இரண்டணா பன்னிரண்டரை, மூன்றணா பதினெட்டே முக்கால். எல்லாம் ஒட்டும் பற்றும்! நாலணாவுக்கு வந்தால்தான் அப்பாடா என்று முழுதாக 25 பைசா. அணாவும் பைசாவும் முதன்முதலில் கைகுலுக்கிக் கொள்ளும் இடம் அது. அடுத்தது எட்டணா, 50 பைசா. பிறகு பன்னிரண்டணா, 75 பைசா.

அணா போய் எத்தனையோ காலம் ஆகியும் நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் ஏன் நிலைத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மூன்றணாவும் ஐந்தணாவும் சந்திப்பில் நிற்காத வண்டிகள், மறைந்துபோயின. நின்ற வண்டிகள் நாவில் தங்கிவிட்டன. 2011 ஜூன் முடிவோடு 25 பைசா நாணயமே செல்லாமல் போயிற்று. ஆனாலும், "நாலணாவுக்குப் பிரயோசனம் இல்லை" என்று திட்டுவதை நாம் இன்னும் விடவில்லையே!

பரணில் இருக்கும் காலண்டர்

பழைய காலண்டரை எறியாமல் பரணில் சுருட்டி வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? உண்டானால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 28 வருஷம் கழித்து அதை ஆணியில் மறுபடி மாட்டலாம். வாரத்துக்கு நாள் 7. லீப் வருஷம் 4 வருஷத்துக்கு ஒரு முறை. ஏழுக்கும் நாலுக்கும் மீச்சிறு பொது மடங்கு 28. ஆகவே 1998-ஆம் வருஷத்து இங்கிலீஷ் தேதியும் கிழமையும் 2026-க்கு அப்படியே பொருந்தும். சில வருஷங்களுக்கு இதைவிடச் சீக்கிரமே ஜோடி கிடைப்பதுண்டு. ஆனால் 1901 முதல் 2099 வரை எந்த வருஷமானாலும் 28 மட்டும் தவறாது.

பிரபவ முதல் அட்சய வரை நம் தமிழ் வருஷங்கள் அறுபது. வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றிவரச் சுமார் 12 வருஷம். சனி சுற்றிவரச் சுமார் 30 வருஷம். பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? போட்டுப் பாருங்கள், அறுபது! ஒருவர் பிறந்தபோது இருந்த ராசிகளுக்கு இரு கிரகங்களும் ஏறக்குறைய மீண்டும் வந்து சேரும் வேளையில்தான் அவருக்கு மணிவிழா நடக்கிறது. 1966-லும் 2026-லும் சித்திரையில் பிறக்கும் வருஷத்துக்கு ஒரே பெயர்: பராபவ.

சந்திரன் மட்டும் கொஞ்சம் குறும்புக்காரன். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை தோறும் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஜனங்கள் திரள் திரளாகப் போகிறார்களே, அந்த அமாவாசை 29 நாளிலும் வராமல், 30 நாளிலும் வராமல், நடுவில் ஏதோ ஒரு நாழிகையில் வருகிறது. முழு எண்ணாக இல்லாததால் ஏணிக் கணக்கு இங்கே ஏறாது. ஆனாலும் 19 வருஷத்தில் 235 சந்திர மாதங்கள் அநேகமாகக் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன. உங்களுடைய 19-ஆவது, 38-ஆவது, 57-ஆவது பிறந்த நாட்களில் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இங்கிலீஷ் தேதியும் ஜன்ம நட்சத்திரமும் ஒரே நாளில், அல்லது ஒரு நாள் முன்பின்னாக, வந்து நிற்கும்.

சமத்துக்கு வரும் வித்தை

கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி சாப்பிடப் போகிறவரா நீங்கள்? அடுத்த தடவை போகாதீர்கள். உங்கள் கண் முன்னால் மீச்சிறு பொது மடங்கு நடனமாடுவதைப் பார்க்கலாம்.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒவ்வொன்றும் நாலு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. இதற்குள் மிருதங்க வித்துவான் "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாக வாசிக்கத் தொடங்குகிறார். 32 மூன்றால் வகுபடாது. முதல் ஆவர்த்தனம் முடியும்போது சொற்கட்டு நடுவழியில் நிற்கிறது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஆவர்த்தனம் முடியும் இடத்தில், 96-ஆவது மாத்திரையில், தாளமும் சொல்லும் ஒன்றாக முடிந்து, சமத்தில் வந்து விழுகின்றன! ஐந்து ஐந்தாக வாசித்தால் 160 மாத்திரை, ஐந்து ஆவர்த்தனம். ஏழு ஏழாக வாசித்தால் 224 மாத்திரை, ஏழு ஆவர்த்தனம். அந்த இடத்தில் தம்மையறியாமல் 'ஆகா!' என்று தலையை ஆட்டும் ரசிகர், அந்த மட்டில், ஒரு கணக்கைச் சரி பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

இதில் ஒரு நுட்பம். அத்தனை ஆவர்த்தனம் காத்திராமல், சீக்கிரமே சமத்தில் முடிக்க வேண்டுமானால் என்ன செய்வார்? முதல் மாத்திரையிலேயே தொடங்க மாட்டார். மனசுக்குள் பின்னாலிருந்து முன்னால் எண்ணி, சில மாத்திரை தள்ளித் தொடங்குவார். வித்தை எல்லாம் எங்கே தொடங்குவது என்பதில்தான் இருக்கிறது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திக்க விரும்பாதவர்கள்

சந்திக்கவே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவுகிறது. அமெரிக்காவில் ஒரு வகைச் சில்வண்டு இருக்கிறது. மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, சில கூட்டங்கள் 13 வருஷத்துக்கு ஒரு முறையும், சில கூட்டங்கள் 17 வருஷத்துக்கு ஒரு முறையும் கோடிக்கணக்கில் வெளியே வருகின்றன. அது என்ன 13, 17? வேறு எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்கள்! 4 வருஷத்துக்கு ஒரு முறை பெருகும் எதிரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 12 வருஷ வண்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அதன் வாயில் விழக்கூடும். 13 வருஷ வண்டோ 52 வருஷத்துக்கு ஒரு முறைதான் அகப்படும். வண்டு இந்த எண்ணில் வந்து நின்றதற்கு அறிஞர்கள் சிலர் சொல்லும் காரணம் இது.

13-க்கும் 17-க்கும் மீச்சிறு பொது மடங்கு 221. இந்த இருவகைக் கூட்டங்களில் குறிப்பிட்ட இரண்டு, 2024-ஆம் வருஷம் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. அதற்கு முன் அவை அப்படி வந்தது 1803-இல். இனி 2245-இல்!

சரி, வண்டு சந்திக்க விரும்பவில்லை. அண்ணனும் தங்கையும் சந்திக்க விரும்பினார்களே, அவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

டிக்கெட்டின் பின்புறம்

மீண்டும் பஸ்ஸுக்கு வருவோம்.

"போன தடவை யார் யார் எந்தத் தேதியில் வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கவே வேண்டாம். தாய்க்கு இது மறக்குமா? "பையன் ரெண்டாந் தேதி வந்தான். அப்புறம் ஆறு. நேத்து, பத்து. பொண்ணு மூணாந் தேதி வந்துச்சு, அப்புறம் ஒம்போது. அவ வந்துட்டுப் போன மறுநாளு இவன் வரான். இல்லாட்டி இவன் போன மறுநாளு அவ வரா. சாப்பிட்ட தட்டு கழுவி கவுத்த ஈரம் காயல, அடுத்தது வந்து நிக்குது. அண்ணன் எப்பிடி இருக்குதுன்னு அது கேக்கும். தங்கச்சி எளைச்சிருக்காளான்னு இவன் கேப்பான். நடுவுல நான் தபால்காரி!"

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினேன்.

மகன்: 2, 6, 10, 14, 18, 22, 26, 30.

மகள்: 3, 9, 15, 21, 27.

எழுதியதும் 'அட!' என்றேன். உங்களுக்கும் தெரிந்திருக்குமே! மகன் வரிசை முழுவதும் இரட்டைப்படை; மகள் வரிசை முழுவதும் ஒற்றைப்படை. நாலு நாலாகக் கூட்டினாலும் இரட்டை இரட்டையாகத்தான் இருக்கும். ஆறு ஆறாகக் கூட்டினாலும் ஒற்றை ஒற்றையாகத்தான் இருக்கும். மாதம் பிறந்து தேதி மாறினாலும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. ஒரு வருஷம் அல்ல, நூறு வருஷம் காத்திருந்தாலும் இந்த இரண்டு வரிசையும் சந்திக்கப் போவதில்லை!

அப்படியானால் வாத்தியார் சொன்ன பன்னிரண்டு? அது பொய்யல்ல, நான் பாதியை மறந்துவிட்டேன். பஸ் கணக்கில், 'காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன' என்று ஒரு வாக்கியம் வந்தது அல்லவா? எண்களைத் தேடும் அவசரத்தில் நாம் தாண்டிப் போவது அந்த வாக்கியத்தைத்தான். கணக்கின் உயிரே அதில் இருக்கிறது! ஒரு முறை சந்தித்தவர்கள் மறுபடி எப்போது சந்திப்பார்கள் என்பதைத்தான் மீச்சிறு பொது மடங்கு சொல்லும். முதல் சந்திப்பு நடக்குமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த மீப்பெரு பொதுக் காரணி. 4-க்கும் 6-க்கும் அது 2. இருவரும் தொடங்கிய நாட்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் இரண்டால் வகுபட்டால் சந்திப்பு உண்டு. வகுபடாவிட்டால் என்றைக்கும் இல்லை. 2-ஆம் தேதிக்கும் 3-ஆம் தேதிக்கும் வித்தியாசம் 1. வகுபடவில்லை, தீர்ந்தது! மகளுக்கு ஆறு நாளுக்குப் பதிலாக ஏழு நாளுக்கு ஒரு முறை ஓய்வு என்று இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 4-க்கும் 7-க்கும் பொதுக் காரணி 1-தான். எந்த நாளில் தொடங்கினாலும் 28 நாளுக்குள் சந்தித்தே தீருவார்கள்.

தெய்வங்களின் திருவிழாவிலும் இந்த வேடிக்கை உண்டு. காஞ்சிபுரத்து அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளுகிறார். 1979-இல் வந்தார், 2019-இல் வந்தார். கும்பகோணம் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு முறை. 1992, 2004, 2016. இரண்டும் ஒரே வருஷத்தில் வருமா? 40-க்கும் 12-க்கும் மீச்சிறு பொது மடங்கு 120 என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். ஆனால் அத்தி வரதரின் வருஷமெல்லாம் ஒற்றைப்படை. மகாமகத்தின் வருஷமெல்லாம் இரட்டைப்படை! 12 என்பதைக் கறாராக வைத்துக்கொண்டால் 120 அல்ல, 1,200 வருஷம் ஆனாலும் சந்திக்கப் போவதில்லை. ஆனால் மகாமகம் வியாழனை அனுசரித்து வருவது. வியாழனின் சுற்று முழுதாக 12 வருஷம் அல்ல. 11 வருஷமும் பத்து மாதத்துக்குச் சற்று அதிகமும். அதனால் எப்போதாவது ஒரு முறை மகாமகம் 11 வருஷத்திலேயே வந்துவிடும். அந்த ஒரு வருஷ நகர்வில் ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். பிறகு சந்திப்புக்கு வழி பிறக்கும்.

வானத்துக் கிரகங்கள் எப்போது ஒன்று கூடும் என்று கணக்கிட நம் நாட்டில் ஒரு தனி முறையே இருந்தது. 499-ஆம் வருஷம் 'ஆரியபடீயம்' எழுதிய ஆரியபடர் அதைச் சொல்லி வைத்தார். 'குட்டகம்' என்று பெயர். பொடியாக்குதல் என்று பொருள். பெரிய எண்களை இடித்து இடித்துச் சிறிதாக்கி விடை காணும் முறை. நம் பெரியம்மாவின் கேள்வி, சாட்சாத் ஆரியபடரின் கேள்வியேதான்!

ஒரே ஒரு நாள்

விக்கிரவாண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார். அவசரம் அவசரமாகப் பெரியம்மாவிடம் சொன்னேன்:

"அம்மா, மகனை ஒரே ஒரு தடவை, மூன்று நாளுக்குப் பதிலாக நாலு நாள் சேர்ந்தாற்போல வேலை பார்க்கச் சொல்லுங்கள். மேலே இருப்பவரைக் கேட்டு, 14-ஆம் தேதி லீவை 15-க்குத் தள்ளிப் போடட்டும். அதற்கப்புறம் வழக்கம்போல நாலாம் நாள், நாலாம் நாள் லீவு. அது போதும்."

"போட்டா?"

டிக்கெட்டில் புதிய வரிசையை எழுதிக் காட்டினேன். மகன்: 15, 19, 23, 27. மகள்: 15, 21, 27. பதினைந்தின் மீதும் இருபத்தேழின் மீதும் வட்டம் போட்டேன்.

பெரியம்மா டிக்கெட்டைக் கையில் வாங்கி, கொஞ்ச தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"இருவத்தேழுக்கு அப்புறம், அடுத்த மாசம் ஒம்போதா தம்பி?"

ஜூனுக்கு முப்பது நாள். கணக்கு மிகச் சரி!

"பன்னெண்டு பன்னெண்டா கூட்டிக்கினே போவணும், அவ்ளோதானே? பதினஞ்சாந் தேதி... இன்னும் நாலு நாளுதான் இருக்குது. அவனுக்கு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லணும்" என்றபடி, டிக்கெட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டு, வாயை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

டிக்கெட் என்னுடையது என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது! திண்டிவனம் போய்ச் சேரும் வரையில் பரிசோதகர் யாரும் ஏறாமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நல்ல வேளை, யாரும் ஏறவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி லீவுகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். கணவருக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு ஒரு ஷிப்டு. பிள்ளை வெளியூரில், பெண் இன்னோர் ஊரில். 'நேரம் ஒத்து வரவில்லை' என்று பெருமூச்சு விடுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து இரண்டு வரிசையையும் எழுதிப் பாருங்கள். வட்டம் போடுவதற்கு ஒரு தேதியாவது அகப்பட்டால் சரி. அதற்கப்புறம் மீச்சிறு பொது மடங்கு பார்த்துக்கொள்ளும். ஒன்றும் அகப்படாவிட்டால் காத்திருந்து பயனில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், தள்ளிக் கொடுக்க வேண்டியதுதான்.